இங்கிலாந்துக்குக் குடிபோனால் வைத்தியத்துக்கு எந்த வாசல்? என்எச்எஸ்ஸும் பிரைவேட்டும்

தமிழ்நாட்டில் கையில் கொஞ்சம் காசு இருக்கிற குடும்பம் நெஞ்சுவலி என்றால் கவர்மென்ட் ஆஸ்பத்திரி பக்கம் திரும்பாது. காரை எடுத்துக்கொண்டு பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடும். இங்கிலாந்தில் அதே நெஞ்சுவலி வந்தால், கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு பர்ஸில் இருந்தாலும், 999 அழைத்தால் வருகிற ஆம்புலன்ஸ் கொண்டுபோய் இறக்குவது என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவ சேவையின் ஆஸ்பத்திரியில்தான். இங்குள்ள பெரும்பாலான பிரைவேட் ஆஸ்பத்திரிகளில் எமர்ஜென்சி பிரிவே கிடையாது. ஆபரேஷன் முடிந்தபின் பெரிய சிக்கல் வந்தால்கூட நோயாளியைப் பக்கத்து என்எச்எஸ் ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்கள்.

இல்லாதவர்களுக்குக் கவர்மென்ட், இருப்பவர்களுக்குப் பிரைவேட் என்று ஊரிலிருந்து மனதில் போட்டுக்கொண்டு வரும் கணக்கு இங்கே செல்லாது. மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பிரசவம், சர்க்கரை, குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் என்எச்எஸ்ஸின் வேலை. மூட்டுத் தேய்மானம், கண்புரை, குடலிறக்கம், பித்தப்பைக் கல் போல உயிருக்கு அவசரமில்லாமல், ஆனால் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும் விஷயங்களுக்குத்தான் பிரைவேட் கை கொடுக்கும். எதற்கு எந்த வாசல் என்று தெரிந்துகொண்டால் வீண் செலவும் வீண் பதற்றமும் பாதியாகக் குறையும்.

கீழே சொல்வது இங்கிலாந்துக்கானது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் தனித்தனியாக நடத்துகின்றன. உதாரணமாக அங்கே மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே இல்லை.

முதலில் காசு விஷயம்

"என்எச்எஸ் இலவசம்" என்பது விசாவில் வருகிறவர்களுக்குப் பாதி உண்மை. விசா விண்ணப்பிக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்கிற என்எச்எஸ் கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். 2024 பிப்ரவரி 6 முதல் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்ட், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் மாணவர்களுக்கும் 776 பவுண்ட். மாதாமாதம் கட்டும் வசதி கிடையாது, விசாவின் மொத்தக் காலத்துக்கும் ஒரே தடவையில் கட்ட வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை, மூன்று வருட விசா என்றால் 8,538 பவுண்ட். இதைச் சில கம்பெனிகள் திருப்பித் தரும், சில தராது. வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் பேரம் பேச இடமிருக்காது. நர்ஸ், டாக்டர் போன்றோர் வரும் ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவுக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் இந்தக் கட்டணம் இல்லை.

இது போக வேலைக்குச் சேர்ந்ததும் சம்பளத்தில் வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸ் என்கிற அரசின் கட்டாயப் பிடித்தமும் போகும். ஆகவே என்எச்எஸ்ஸில் போய் நிற்கும்போது தர்மத்துக்கு வாங்குகிற கூச்சம் தேவையில்லை. முன்கூட்டியே காசு கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

கட்டியபின்னும் கையிலிருந்து போவது மூன்று: மருந்துச் சீட்டு, பல், கண்ணாடி. சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட். மூன்று மருந்து எழுதினால் 29.70. மாதம் ஒரு மருந்துக்கு மேல் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு 114.50 பவுண்ட் கட்டி முன்பணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டால் எத்தனை மருந்தானாலும் அதிலேயே அடங்கும். இதை யாரும் தானாக வந்து சொல்லமாட்டார்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும், 60 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் மருந்து இலவசம்.

ஜிபி என்கிற வாசல்

ஊரில் முதுகுவலி என்றால் நேரே ஆர்த்தோ, தலைசுற்றல் என்றால் நேரே இஎன்டி. எந்த டாக்டர் என்று நாமே முடிவு செய்வோம். காலையில் ரத்தம் கொடுத்து, மதியம் ரிப்போர்ட் வாங்கி, சாயங்காலம் டாக்டரைப் பார்த்துவிடலாம். இங்கே எல்லாவற்றுக்கும் முதல் படி ஜிபி, அதாவது நம் பகுதிக் கிளினிக்கின் பொது டாக்டர். ஸ்கேனும் ஸ்பெஷலிஸ்டும் அவர் ரெஃபரல் எழுதினால்தான்.

அதனால் வீட்டுக்குக் குடிபோன வாரமே குடும்பத்தில் எல்லாரையும் பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்தபின் பதியலாம் என்று இருப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். வீட்டு பின்கோடைப் போட்டால் என்எச்எஸ் தளத்தில் பக்கத்து ஜிபிக்கள் வரும், பெரும்பாலானவற்றில் ஆன்லைனிலேயே பதியலாம். பாஸ்போர்ட், முகவரிச் சான்று, விசா எதுவும் சட்டப்படி கட்டாயமில்லை. ரிசப்ஷனில் கரண்ட் பில் கேட்டு, இல்லை என்று திருப்பி அனுப்பினால், அது தேவையில்லை என்று என்எச்எஸ் இங்கிலாந்தே சொல்லியிருப்பதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். புதிதாக வாடகைக்கு வந்தவர் பெயரில் பில் வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பதிந்ததும் பத்து இலக்க என்எச்எஸ் எண் வரும். என்எச்எஸ் ஆப்பை இறக்கி அதில் நுழைந்துவிட்டால் ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்து மறுபடி கேட்பது, ரெஃபரல் கடிதம் எல்லாம் போனிலேயே தெரியும்.

அப்பாயின்ட்மென்ட் வாங்குவதுதான் புலம்பலின் முதல் அத்தியாயம். காலை 8 மணிக்கு லைன் திறந்ததும் ஊரே போன் அடிக்கும். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து, வேலை நாட்களில் காலை 8 முதல் மாலை 6.30 வரை ஆன்லைன் கோரிக்கைப் படிவத்தைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்று ஜிபிக்களுக்கு விதி. அவசரமில்லாத விஷயமென்றால் அந்தப் படிவமே நல்லது. ரிசப்ஷனிஸ்ட் "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம், வம்புக்குக் கேட்பதில்லை. டாக்டரிடமா, நர்ஸிடமா, பிசியோவிடமா, மருந்தாளரிடமா என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. "டாக்டரிடம்தான் சொல்வேன்" என்று நின்றால் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படுவது நாம்தான்.

உள்ளே கிடைப்பது சுமார் பத்து நிமிடம். வணக்கம் சொல்லி, ஊர்க்கதை சொல்லி, பழைய ஃபைலைப் பிரித்து வைப்பதற்குள் எட்டு நிமிடம் போய்விடும். ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு ஒரு பிரச்சினை என்பது பல இடங்களில் எழுதாத விதி. எது அதிகம் தொந்தரவோ அதை முதல் வாக்கியத்தில் சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, எது செய்தால் கூடுகிறது, தூக்கமோ வேலையோ கெடுகிறதா, என்ன மாத்திரை போட்டுப் பார்த்தாயிற்று என்று வரிசையாகச் சொன்னால் போதும். "லைட்டா வலிக்குது டாக்டர்" என்று நம்மவர்கள் மரியாதைக்காகக் குறைத்துச் சொல்வது இங்கே கெடுதலில்தான் முடியும், அவர் அதை அப்படியே லேசான வலி என்று டைப் செய்துவிடுவார். மாடிப்படி ஏற முடியவில்லை, இரவில் இரண்டு முறை எழுந்துகொள்கிறேன் என்று செய்ய முடியாத காரியத்தைச் சொல்லுங்கள், உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

ஆங்கிலத்தில் சொல்ல வராத பெற்றோருக்கோ மனைவிக்கோ தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று புக் செய்யும்போதே கேட்கலாம். காசு கிடையாது, பெரும்பாலும் போன் வழியே வருவார்கள். லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹேரோ, டூட்டிங் பக்கம் தமிழ் பேசும் டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ கிடைத்தாலும் கிடைப்பார்.

"எதற்குப் போனாலும் பாராசிட்டமால் கொடுத்து அனுப்புகிறார்கள்" என்பது இங்குள்ள தமிழர் வீடுகளில் தினப்பாட்டு. இதில் ஜிபி பக்கம்தான் நியாயம் அதிகம். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஊசியும் ட்ரிப்ஸும் சீக்கிரம் குணமாக்காது. ஊரில் பழகிய வேகத்தில் பாதி தேவையில்லாத வேகம். ஆனால் வெளியே வரும் முன் ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்: எத்தனை நாளில் சரியாக வேண்டும், எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும்? பதிலை அவர் குறிப்பிலும் எழுதுவார். இரண்டாவது முறை போகும்போது அதுவே உங்களுக்கான ஆதாரம்.

ஜிபிக்கே போக வேண்டாத சங்கதிகளும் உண்டு. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்து மருந்துக்கடைகளில் பார்மசி ஃபர்ஸ்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. சைனஸ், தொண்டை வலி, குழந்தைகளின் காது வலி, சீழ் வைத்த பூச்சிக்கடி, இம்பெடிகோ என்கிற தோல் தொற்று, அக்கி, 16 முதல் 64 வயதுப் பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்று ஆகிய ஏழுக்கும் மருந்தாளரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக் போன்ற சீட்டு மருந்தைக் கொடுப்பார். கால் பிசகியது, சின்ன எலும்பு முறிவு, தையல் போடும் காயம் என்றால் என்எச்எஸ்ஸின் ஆலோசனை எண்ணான 111-ஐ அழைத்து அர்ஜென்ட் ட்ரீட்மென்ட் சென்டருக்கு நேரம் வாங்கலாம். இதற்கெல்லாம் ஏ அண்ட் இ என்கிற எமர்ஜென்சி பிரிவுக்குப் போய் உட்கார்ந்தால் இரவு முழுக்க அங்கேதான். அங்கே வந்த வரிசையில் பார்ப்பதில்லை, ஆபத்தின் வரிசையில் பார்ப்பார்கள். நான்கு மணி நேரத்துக்குள் 95 சதவீதம் பேரைப் பார்த்து முடிக்க வேண்டும் என்ற இலக்கை 2015-க்குப் பிறகு நாடு தழுவிய அளவில் எட்டவே இல்லை.

காத்திருப்பு எங்கே முறிகிறது

ரெஃபரல் போனதிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி. 92 சதவீதம் பேருக்கு இதைச் செய்ய வேண்டும். 2016-க்குப் பிறகு செய்ய முடியவில்லை. காத்திருப்புப் பட்டியலில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கேஸ்கள் நிற்கின்றன. இவ்வளவும் செய்தித்தாளில் வருவதுதான். செய்தித்தாளில் வராதது, ஒரு கேஸ் பட்டியலிலிருந்து எப்படிக் கழன்று விழுகிறது என்பது.

பெரும்பாலும் முகவரியில்தான் விழும். வாடகை வீடு மாறியதும் ஜிபியிடம் சொல்லியிருப்பார்கள், ஆஸ்பத்திரியிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு கணினிகளிலும் தகவல் தானாக ஒன்றாகிவிடும் என்று நம்புவதற்கில்லை. அப்பாயின்ட்மென்ட் கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், அங்கே புதிதாக வந்தவர் குப்பையில் போடுவார். குறித்த நாளில் வரவில்லை என்று பதிந்து, கேஸை ஜிபிக்கே திருப்பிவிடுவார்கள். பத்து மாதக் காத்திருப்பு பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பம். ஆகவே வீடு மாறினால் ஜிபி, ஆஸ்பத்திரியின் அப்பாயின்ட்மென்ட் பிரிவு இரண்டுக்கும் சொல்லுங்கள். லீவில் ஊருக்குப் போகும் தேதிகளையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை எடுங்கள், ஆஸ்பத்திரி எண்கள் பல நேரம் மறைந்துதான் வரும்.

ரெஃபரல் உண்மையில் போயிற்றா என்று இரண்டு வாரம் கழித்து ஆப்பில் பாருங்கள். சில நேரம் ஸ்பெஷலிஸ்ட் "நேரில் வர வேண்டாம், இந்த மருந்தைக் கொடுத்துப் பாருங்கள்" என்று ஜிபிக்கே எழுதியிருப்பார். அது தெரியாமல் அழைப்பு வரும் என்று நாம் உட்கார்ந்திருப்போம். தேதி ரொம்பத் தள்ளிக் கிடைத்தால் கன்சல்டன்ட் என்கிற மூத்த ஸ்பெஷலிஸ்டின் செக்ரட்டரியை அழைத்து, யாராவது ரத்து செய்தால் குறுகிய அறிவிப்பில் வருகிறேன் என்று பெயரைக் கொடுத்து வைக்கலாம்.

இன்சூரன்ஸ் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம், ஆஸ்பத்திரியை நீங்களே தேர்ந்தெடுக்கும் சட்ட உரிமை. அவசரமில்லாத முதல் ரெஃபரலுக்கு இங்கிலாந்தில் எந்த என்எச்எஸ் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள பிரைவேட் ஆஸ்பத்திரியையும் கேட்கலாம். ஸ்பையர், நஃபீல்ட், ராம்சே போன்றவற்றில் பல இப்படி என்எச்எஸ் நோயாளிகளை எடுக்கின்றன. மூட்டு மாற்றம், கண்புரை, குடலிறக்கம் மாதிரியானவற்றுக்கு இது அருமையான வழி: பிரைவேட் கட்டிடம், என்எச்எஸ் காசு. முப்பது மைல் தள்ளிப் போகத் தயாரென்றால் காத்திருப்பு பாதியாகக் குறைகிற இடங்களும் உண்டு. ஜிபி தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். பல நோய்கள் சேர்ந்திருப்பவரை, எடை மிக அதிகமானவரை அந்த ஆஸ்பத்திரிகள் ஏற்க மறுக்கலாம், ஐசியூ வசதி இல்லாததே காரணம்.

புற்றுநோய் சந்தேகம் மட்டும் தனிப் பாதை. மார்பில் கட்டி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது போன்றவற்றுக்கு ஜிபி அவசர ரெஃபரல் போடுவார். 28 நாளுக்குள் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும், 62 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது இலக்கு. எல்லா இடத்திலும் எட்டுவதில்லைதான். ஆனாலும் இந்தப் பாதையில் ஏறிவிட்ட ஆள் மற்றவர்களைத் தாண்டித்தான் போவார். "நம்ம ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடுத்த லீவு வரை தள்ளிப்போடுவதுதான் இதில் நடக்கும் பெரிய அநியாயம்.

பிரைவேட் இன்சூரன்ஸின் பொடி எழுத்து

கம்பெனி இன்சூரன்ஸை எல்லாம் அடங்கிய திட்டம் என்று ஊர்ப் பழக்கத்தில் நினைத்துவிடுகிறோம். இங்குள்ள பாலிசிகள் புதிதாக வந்த, குணப்படுத்தி முடிக்கக்கூடிய நோய்க்கு மட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, தைராய்டு போல நாள்பட்டவை வெளியே. எமர்ஜென்சி வெளியே. சாதாரணப் பிரசவம் வெளியே. பெரும்பாலும் ஜிபி ரெஃபரல் இல்லாமல் ஸ்பெஷலிஸ்ட் செலவு கொடுக்கமாட்டார்கள், ஆக இதற்கும் ஜிபி வாசல்தான். இன்சூரன்ஸோடு சேர்ந்த வீடியோ ஜிபி வழியாகவும் ரெஃபரல் வாங்கலாம், அதுதான் வேகம்.

முன்பே இருந்த நோய்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். மொரட்டோரியம் முறையில் எந்தக் கேள்வியும் கேட்காமல் பாலிசி கொடுப்பார்கள். பாலிசிக்கு முந்தைய ஐந்து வருடத்தில் இருந்த எந்தத் தொந்தரவுக்கும் காசு கிடையாது. பாலிசி தொடங்கியபின் தொடர்ந்து இரண்டு வருடம் அதே தொந்தரவுக்கு அறிகுறியோ மருந்தோ ஆலோசனையோ இல்லாமல் இருந்தால்தான் சேர்ப்பார்கள். சென்னையில் மூன்று வருடத்துக்கு முன் முட்டிவலிக்கு எடுத்த ஒரு எக்ஸ்ரேகூட இங்கே வந்து குறுக்கே நிற்கும். முழு விவரம் கேட்டுத் தரும் முறையில் தொல்லை முன்னால், நிம்மதி பின்னால். பெரிய கம்பெனிகளின் குழுப் பாலிசியில் பழைய வரலாற்றைக் கண்டுகொள்ளாத வகையும் உண்டு, உங்களுடையது அதுவா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வேலையை விடும்போது அதே நிபந்தனைகளோடு தனிப் பாலிசியாகத் தொடரலாமா என்றும் கேளுங்கள். புதிதாக எடுத்தால் இடையில் வந்த நோயெல்லாம் பழைய நோய் ஆகிவிடும்.

கம்பெனி கட்டுகிறது என்றாலும் உங்களுக்குச் செலவு உண்டு. அந்த பிரீமியம் உங்கள் வருமானமாகக் கணக்காகும். 1,000 பவுண்ட் பிரீமியத்துக்கு 20 சதவீத வரிப் படியில் இருப்பவர் 200, 40 சதவீதப் படியில் இருப்பவர் 400 பவுண்ட் வரி கட்டுவார். மனைவி, பிள்ளைகளையும் சேர்த்தால் அதற்கும் இப்படியே. ஆரோக்கியமான இருபத்தெட்டு வயதுக்காரருக்கு இது தேவையா என்று யோசிக்கலாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க பல கம்பெனிகளில் வழி உண்டு.

கிளெய்ம் கெடுவது பெரும்பாலும் வரிசை தப்பும்போதுதான். முதலில் ரெஃபரல், அடுத்து இன்சூரன்ஸை அழைத்து அனுமதி எண், அதன்பின்தான் அப்பாயின்ட்மென்ட். டாக்டரைப் பார்த்துவிட்டுப் பில்லை அனுப்பினால் மறுப்பார்கள். ரெஃபரல் கடிதத்தில் டாக்டர் பெயர் போடாமல் துறையை மட்டும் எழுதச் சொல்லுங்கள், இன்சூரன்ஸ் தன் பட்டியலிலிருந்து ஆளைக் கொடுக்கும். தெரிந்தவர் சொன்ன கன்சல்டன்ட்டிடம்தான் போவேன் என்று போனால், அவர் கட்டணம் இன்சூரன்ஸ் வரம்பைத் தாண்டும் தொகை உங்கள் தலையில். அனஸ்தீசியா டாக்டர் பில் தனியாக வரும், அவரும் பட்டியலில் உண்டா என்று கேளுங்கள். வெளிநோயாளி வரம்பு 500 பவுண்ட் என்று இருந்தால், கன்சல்டன்ட்டை இரண்டு முறை பார்த்ததுமே அது காலி. எம்ஆர்ஐ அந்த வரம்புக்குள்ளா வெளியிலா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் கைக்காசு கொடுத்தும் பார்க்கலாம். கன்சல்டன்ட்டை முதல் முறை பார்க்க சுமார் 200 முதல் 300 பவுண்ட், எம்ஆர்ஐ சில நூறு பவுண்ட். கட்டண விவரத்தைக் கன்சல்டன்ட் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. நம்மவர்கள் அதிகம் செய்வது, கன்சல்டன்ட்டை மட்டும் காசு கொடுத்துச் சீக்கிரம் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு என்எச்எஸ் பட்டியலில் சேர்வது. இது அனுமதிக்கப்பட்டதுதான், அதே கன்சல்டன்ட் பெரும்பாலும் என்எச்எஸ்ஸிலும் வேலை செய்பவர்தான். ஆனால் காசு கொடுத்ததற்காக ஆபரேஷன் வரிசையில் முன்னால் விடமாட்டார்கள்.

பிரைவேட் டாக்டர் எழுதிய மருந்தை ஜிபி அப்படியே என்எச்எஸ் சீட்டாக மாற்றிக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரைவேட் சீட்டுக்கு மருந்தின் முழு விலை. அவர் கேட்ட ரத்தப் பரிசோதனையையும் ஜிபி எடுக்க மறுக்கலாம். மாதாமாதம் தொடர வேண்டிய மருந்தென்றால், இதை என் ஜிபி ஏற்றுக்கொள்வாரா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும். பெரியவர்களின் ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாட்டுக்கான மருந்தில் இந்தச் சிக்கல் அடிக்கடி வருகிறது.

சர்க்கரையும் மற்ற மாத்திரைகளும்

இந்த இடத்தில் பிரைவேட்டை மறந்துவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு ஜிபி கையெழுத்திட்ட எஃப்பி92ஏ படிவத்தில் விலக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஐந்து வருடம் செல்லும். சர்க்கரை மருந்து மட்டுமல்லாமல் எல்லா மருந்தும் அதில் இலவசம். தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவருக்கும் இதேதான். உணவுக் கட்டுப்பாட்டில் மட்டும் இருப்பவருக்குக் கிடையாது. சான்றிதழ் வரும் முன் மருந்துக்கடையில் இலவசம் என்று டிக் அடித்தால் 100 பவுண்ட் வரை அபராதம் வரும்.

வருடாந்திரப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், பாதம் எல்லாம் பார்ப்பார்கள். விழித்திரைப் படத்துக்குத் தனி அழைப்பு வரும். தொடர்ந்து இரண்டு முறை சுத்தமாக இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஊரில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குக் கொடுக்கும் காசில் பாதி, தேவையில்லாத பரிசோதனைகளுக்குப் போகிறது. இங்கே எடுப்பதெல்லாம் தேவையானது மட்டும். பாதத்தில் இழை வைத்து உணர்ச்சி பார்க்கும் பரிசோதனையை ஊரில் எத்தனை பேர் வருடந்தோறும் செய்துகொள்கிறார்கள்?

ரிப்போர்ட் வந்ததும் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், அலகு வேறு. எச்பிஏ1சி 48 என்றால் நம் 6.5 சதவீதம், 53 என்றால் 7, 64 என்றால் 8. ரத்தச் சர்க்கரையை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும்: 7 என்றால் 126. கொழுப்பை 39-ஆல் பெருக்குங்கள்: 5.2 என்றால் சுமார் 200. கிரியாட்டினினை 88-ஆல் வகுக்க வேண்டும். ஹீமோகுளோபின் 120 என்றால் நம் 12.

ஊரிலிருந்து வரும்போது மூன்று மாத மருந்தும், மருந்தின் வேதிப் பெயர் எழுதிய டாக்டர் கடிதமும் எடுத்து வாருங்கள். டெல்மா, தைரோநார்ம் என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரியாது. டெல்மிசார்ட்டன், லெவோதைராக்சின் என்று எழுதியிருக்க வேண்டும். கிளிமெபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை இங்கே கிடைக்காது, பிரித்துத்தான் தருவார்கள், கிளிமெபிரைடுக்குப் பதில் கிளிக்ளசைடாகவும் மாறலாம். டெனிலிக்லிப்டின் பிரிட்டனில் உரிமம் பெறவில்லை, வேறொன்றுக்கு மாற்றுவார்கள். மாற்றும் வரை தாங்கத்தான் அந்த மூன்று மாத மருந்து. ஊரில் எடுத்த ஸ்கேனைக் காட்டினால் ஜிபி பார்ப்பார், ஆனால் இங்கே மறுபடி எடுக்கச் சொல்ல வாய்ப்பு அதிகம். ஸ்டென்ட், மூட்டு மாற்றம் செய்தவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியும் உள்ளே வைத்த பொருளின் விவர அட்டையும் கொண்டுவருவது அவசியம்.

பிரசவம்

கர்ப்பம் உறுதியானதும் ஜிபிக்குக்கூடக் காத்திராமல் பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியின் மிட்வைஃப் என்கிற பிரசவ நர்ஸிடம் ஆன்லைனில் நேரே பதியலாம், முதல் சந்திப்பு பத்து வாரத்துக்குள். சிக்கல் இல்லையென்றால் மொத்தமே இரண்டு ஸ்கேன்: 11 முதல் 14 வாரத்தில் ஒன்று, 18 முதல் 21 வாரத்தில் ஒன்று. மாதம் ஒரு ஸ்கேன் பார்த்த குடும்பத்துக்கு இது அலட்சியமாகத் தெரியும். அலட்சியமில்லை, மிட்வைஃப் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பார். ஆனால் குழந்தை அசைவு குறைந்தால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே பிரசவப் பிரிவின் எண்ணை அழைக்க வேண்டும். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்து 12 மாதம் வரையிலும் மருந்தும் என்எச்எஸ் பல் வைத்தியமும் இலவசம், சான்றிதழை மிட்வைஃபிடம் கேட்டு வாங்குங்கள். இந்தியப் பெற்றோரின் குழந்தைக்கு காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி உண்டு, பிறந்து 28 நாளையொட்டிப் போடுவார்கள். அழைப்பு வராவிட்டால் குழந்தையை வந்து பார்க்கும் ஹெல்த் விசிட்டர் என்கிற நர்ஸிடம் கேளுங்கள். சர்சார்ஜ் கட்டியவருக்கு என்எச்எஸ்ஸில் கிடைக்காத ஒன்று ஐவிஎஃப் என்கிற செயற்கைக் கருத்தரிப்பு. 2017 ஆகஸ்ட் முதல் அது விலக்கப்பட்டிருக்கிறது.

பல்லைப் பற்றி ஒரே வரி: ஊரிலேயே முடித்துவிட்டு வாருங்கள். என்எச்எஸ் பல் டாக்டர் கிடைத்தால் மலிவுதான். 2025 ஏப்ரல் கட்டணப்படி பரிசோதனை 27.40 பவுண்ட், எத்தனை பல்லை அடைத்தாலும் வேர்ச் சிகிச்சை சேர்த்து ஒரு முறைக்கு 75.30. புது நோயாளியை எடுக்கும் இடம் கிடைப்பதுதான் பாடு.

அப்பா அம்மா விசிட் வரும்போது

சர்சார்ஜ் உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை. விசிட்டர் விசாவில் வந்தவர்கள் ஜிபியைத் தற்காலிகமாகப் பதிந்து இலவசமாகப் பார்க்கலாம், ஏ அண்ட் இ பிரிவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கும் காசு இல்லை. வார்டில் படுக்கை போட்ட நிமிடத்திலிருந்து மீட்டர் ஓடும், என்எச்எஸ் விலையில் 150 சதவீதம். உயிர் காக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்தமாட்டார்கள், பில் பின்னால் வரும். 500 பவுண்டும் அதற்கு மேலும் இரண்டு மாதத்துக்குக் கட்டாமல் இருந்தால் தகவல் விசா கொடுக்கும் ஹோம் ஆபீஸுக்குப் போய் அடுத்த விசா மறுக்கப்படலாம். கட்ட முடியாத தொகை என்றால் ஒளிய வேண்டாம், தவணைக்கு எழுதிக் கொடுத்து மாதாமாதம் கட்டுகிறவர் மேல் பெரும்பாலும் அந்த நிலை வருவதில்லை.

டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மலிவானதைப் பார்த்து எடுக்காதீர்கள். அறுபது தாண்டியவருக்குப் பிரஷரும் சுகரும் இருப்பது வழக்கம். அதை மறைத்து எடுத்த பாலிசி மாரடைப்புக்குக் காசு கொடுக்காது. பல இந்தியப் பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு உயிராபத்து வந்தால் மட்டும், அதுவும் ஒரு வரம்பு வரை என்று இருக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்ற வரியை விமானம் ஏறும் முன் படித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே இன்சூரன்ஸின் உதவி எண்ணை அழைத்துக் கேஸ் எண் வாங்கி, வெளிநாட்டு நோயாளிகளுக்கான கணக்கு அலுவலரிடம் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரி, மருந்துப் பட்டியல், தனித்தனியாகப் பிரித்த பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பியபின் மெயில் அனுப்பி வாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் கிளெய்ம் கெடு முடிந்துவிடக்கூடும்.